தூதுவன் வந்த பொங்கல்

கும்பகோணத்தில் கிளம்பி ஜெயங்கொண்டம் போகிற தனியார் பஸ் அது. சோழபுரம் தாண்டும்வரை இளையராஜா பாட்டாக ஓடிக்கொண்டிருந்தது. திருப்பனந்தாளில் கூட்டம் ஏறி, பஸ் மறுபடி வேகம் பிடித்தபோது டிரைவரின் பென்டிரைவ் வேறு எங்கோ தாவிவிட்டது. பாம்பே ஜெயஸ்ரீயின் குரல், கூடவே பி.பி. ஸ்ரீநிவாஸின் முதிர்ந்த குரல்.

“என்னண்ணே, சாமி பாட்டு போட்டுட்டீங்க?” என்றான் கண்டக்டர் பையன்.

“சாமி பாட்டுதான். படத்துல வருது. ஆயிரத்தில் ஒருவன்.”

“எம்ஜிஆர் படமா?”

“கார்த்தி படம்டா.”

அதோடு அவர்கள் பேச்சு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. ‘பெம்மானே’ என்ற அந்தப் பாட்டு, பசியில் கிடக்கிற ஒரு ஜனம் கடவுளிடம் முறையிடுகிற பாட்டு. அதைக் கேட்டபடி அணைக்கரைப் பாலம் வரை வந்தபோது, கல்லூரி விடுதியும் மாமாவும் 2010 பொங்கலும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன.

நாங்கள் அந்தப் படத்துக்குக் காத்திருந்த மாதிரி அதன்பிறகு எந்தப் படத்துக்கும் காத்திருந்ததில்லை. ‘பருத்திவீரன்’ 2007 பிப்ரவரியில் வந்தது. முதல் படத்திலேயே ஊரைக் கலக்கிய ஒரு நடிகன், அடுத்த படம் வருவதற்குள் கிட்டத்தட்ட மூன்று வருஷம் திரையிலேயே தென்படவில்லை. எல்லாம் இந்த ஒரு படத்துக்காக. இயக்குநர் செல்வராகவன் அதற்கு முன் ‘புதுப்பேட்டை’ எடுத்திருந்தார். விடுதியில் அந்தப் படத்தை வசனம் வசனமாக ஒப்பிக்கிற பையன்கள் அறைக்கு ஒருவன் இருந்தான். அப்படிப்பட்டவர் சோழர் கதை எடுக்கிறார் என்றால் கேட்க வேண்டுமா?

சேதிகள் துண்டு துண்டாக வரும். சாலக்குடிக் காட்டில் மழையில் படப்பிடிப்பு நடக்கிறதாம். ஜெய்சல்மேர் பாலைவனத்துக்குப் போயிருக்கிறார்களாம். பட்ஜெட் 32 கோடியாம். இந்த 32 கோடியை நாங்கள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்! (உண்மையில் ஆன செலவு 18 கோடிதான், பிரம்மாண்டமாகத் தெரியட்டும் என்று 32 என அறிவித்தோம், அது முட்டாள்தனம் என்று 2021-ல் செல்வராகவனே வெளிப்படையாக எழுதினார். போட்ட பணம் வந்தும், சொன்ன பணம் வராததால் படம் சுமார் என்று பேராகிவிட்டது.)

2009 ஜூனில் பாட்டுகள் வந்தன. ஜி.வி. பிரகாஷ் குமார் இசை. விடுதிக்கு எதிரே இருந்த செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு ஏற்றித் தருவார்கள். அந்த மாதம் அந்தக் கடை அண்ணன், கார்டை வாங்கும்போதே “ஆயிரத்தில் ஒருவன் தானே?” என்று கேட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் செருகுவார். ஆட்டம் போட வைக்கிற பாட்டுகளை எல்லாரும் முதலில் கேட்டுத் தீர்த்தோம். ‘தாய் தின்ற மண்ணே’ பாட்டைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டோம். விஜய் யேசுதாஸ், நித்யஸ்ரீ மகாதேவன் குரலில், சொந்த மண்ணை நினைத்து அரற்றுகிற ஒரு ராஜாவின் பாட்டு. ‘நம்ம ராஜா ஏன் அழுவுறாரு?’ என்று அறைத்தோழன் ஒருநாள் இரவு விளக்கை அணைத்தபிறகு கேட்டான். படம் வந்தால் தெரியும் என்று சொல்லிவிட்டுப் படுத்தோம்.

‘நம்ம ராஜா’ என்று அவன் சொன்னது எங்கள் பக்கத்துப் பழக்கம். காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்குச் சோழன் என்பவன் பாடப்புத்தகத்து ஆள் இல்லை, குடும்பத்துப் பெரியவர். சின்ன வயதில் நாங்கள் ஏறிப்போன பஸ்ஸே ‘சோழன் போக்குவரத்துக் கழகம்’. நூலகத்தில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் தாள் தாளாகப் பிரிந்து, நூல் கட்டிக் கிடக்கும். சிவாஜி நடித்த ‘ராஜராஜ சோழன்’ டிவியில் வந்தால் தெருவே அடங்கும். இத்தனை இருந்தும், சோழர் கதை எங்களுக்கு விஜயாலயனில் தொடங்கி ராஜேந்திரன் கடல் கடந்ததோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று எந்த வாத்தியாரும் நின்று சொன்னதில்லை. மூன்றாம் ராஜேந்திரனோடு 1279-ல் முடிந்தது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எத்தனை ஜனம் எங்கே ஓடியது, யார் எரித்தார்கள், யார் பிழைத்தார்கள் என்பதெல்லாம் கேள்வியாகக்கூட எங்களுக்குள் எழுந்ததில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் நிற்கிறது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் தோண்டினால் செங்கல் அடித்தளம்தான் கிடைக்கிறது. கோயிலின் சுற்றுமதில் கற்களை 1836-ல் பெயர்த்துக்கொண்டுபோய்க் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். அந்த அணைமேல்தான் நாங்கள் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தோம்.

செல்வராகவன் எடுத்துக்கொண்டது அந்த 1279-க்குப் பிறகு என்ன ஆனது என்ற கதையை. நாங்கள் எதிர்பார்த்துக் காத்திருந்தது ராஜராஜனின் யானைப் படையை.

அந்தப் பொங்கலுக்கு ‘குட்டி’, ‘நாணயம்’, ‘போர்க்களம்’ என்று கூட வந்த படங்கள் இருந்தன. விஜய்யின் ‘வேட்டைக்காரன்’, ‘அவதார்’ இரண்டும் டிசம்பரிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தன. எங்களுக்கு இது ஒன்றுதான் கண்ணில் தெரிந்தது. ஆனால் எங்கள் வீட்டில் பொங்கலன்று பானை பொங்கிச் சூரியனுக்குப் படைக்காமல் யாரும் வாசல்படி தாண்ட முடியாது. காலைக்காட்சி போயிற்று. சாப்பிட்ட கையோடு மத்தியானக் காட்சிக்குக் கிளம்பினோம்.

மூன்று பேர் போனோம். நான், மாமா, என் விடுதி நண்பன் ஒருவன். நண்பன் ஈழத்துக்காரன். அகதி முகாமில் வளர்ந்து, அங்கிருந்து படிக்க வந்தவன். விடுதியைப் பூட்டிவிட்டார்கள் என்பதால் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தேன். நன்றாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன். 2009 மே மாதத்துக்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டான். அம்மா அவன் இலையில் மட்டும் சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறையும் வைத்தாள்.

மாமா வந்ததற்குக் காரணம் படத்தின் பெயர். 1965-ல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘ஆயிரத்தில் ஒருவ’னில் எம்ஜிஆரும் ஜெயலலிதாவும் முதல்முறை ஜோடி சேர்ந்தார்கள். மாமா அதைத் தரை டிக்கெட்டில் பார்த்தே வளர்ந்தவர். “வாத்தியார் படத்துப் பேரை எடுத்திருக்கான். ஒழுங்கா எடுத்திருக்கானான்னு பாத்துருவோம் மாப்ள” என்று வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இடைவேளை வரை தியேட்டர் திருவிழாதான். கார்த்தி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் தலைவன், எம்ஜிஆர் ரசிகன். மாமா அதிலேயே விழுந்துவிட்டார். ரீமா சென்னும் ஆண்ட்ரியாவும் அவனும் ஒரு தீவுக்குப் போகிறார்கள். கடலில் ஒரு பொறி, காட்டில் ஒரு பொறி, பாம்புகள் என்று ஒவ்வொன்றாகக் கடக்கிறார்கள். பாலைவனத்தில் வரும் அந்தக் கட்டத்தை இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும். பாழடைந்த கட்டடத்தின் நிழல் பொழுது சாயச் சாய மணலில் நீண்டுகொண்டே வந்து, ஒரு கால் தூக்கிய நடராஜராக விழுகிறது. அந்த நிழலுக்குள் ஓடுகிறவனுக்குத்தான் உயிர். வெளியே கால் வைத்தால் புதைமணல். விசிலடித்துக்கொண்டிருந்த பின்வரிசை சட்டென்று ஊமையானது. எனக்குப் பக்கத்தில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிதம்பரம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். நடராஜரை நாங்கள் பொன்னம்பலத்தில் பார்த்திருக்கிறோம், மணலில் விழுந்து உயிர்காக்கிற நிழலாகப் பார்த்ததில்லை. தமிழில் மாயப்படம் எடுக்க டிராகனும் பனிமலையும் தேவையில்லை, நம் கோயிலிலேயே எல்லாம் இருக்கிறது என்று காட்டிய இடம் அது.

இடைவேளைக்குப் பிறகு படம் இருட்டுக்குள் போயிற்று. தீப்பந்தம், குகை, எலும்பும் தோலுமான மனிதர்கள். அவர்கள்தான் சோழர்கள். தஞ்சையிலிருந்து ஒரு தூதுவன் வருவான், எங்களைத் தாய்மண்ணுக்குத் திருப்பிக் கூட்டிப்போவான் என்று தலைமுறை தலைமுறையாக அங்கேயே கிடக்கிறார்கள். பார்த்திபன் அவர்கள் மன்னன். பழந்தமிழ் பேசுகிறார். நாட்டுக்கே சோறில்லை. சங்கிலியில் முள் இரும்புக் குண்டைக் கட்டிச் சுழற்றி அடிமைகளைக் கொல்லும் விளையாட்டு நடக்கிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. நம் ராஜா இதையா ஆளுகிறார்? தியேட்டரில் முணுமுணுப்பு கிளம்பியது. “என்னய்யா பேசுறாங்க, ஒண்ணும் புரியல” என்றது ஒரு குரல். “சப் டைட்டில் போடுங்கப்பா” என்றது இன்னொன்று. பார்த்திபனும் ரீமா சென்னும் செந்தமிழில் மோதிக்கொண்ட கட்டத்தில் சிலர் எழுந்து போனார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் பொங்கல் வெயில் ஒரு பட்டையாக உள்ளே வந்து போயிற்று.

கடைசிப் பகுதியில் யாரும் எழுந்திருக்கவில்லை. துப்பாக்கிப் படை வருகிறது. பழைய ஆயுதங்களோடு சோழர்கள் எதிர்த்து நிற்கிறார்கள், விழுகிறார்கள். பிடிபட்ட பெண்களுக்குச் சிப்பாய்கள் செய்வதைப் பார்க்கவும் முடியாமல், மன்னன் கட்டுண்டு கிடக்கிறான். படம் எழுதப்பட்டது முந்தைய வருஷங்களில்தான். ஆனால் திரைக்கு வந்தபோது முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் காட்சிகளை வேறு எதுவாகவும் பார்க்க எங்களால் முடியவில்லை. நண்பன் பக்கம் நான் திரும்பவே இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு படத்தின் தலையெழுத்து தியேட்டர் கேட்டில் எழுதப்பட்டது. முதல் காட்சி விட்டு வெளியே வருகிறவர்களை, அடுத்த காட்சிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் மறித்துக் கேட்பார்கள். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, “படம் எப்படிண்ணே?” என்று. பதில் சொல்கிறவன் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவான். அன்றைக்கு நான் திரும்பத் திரும்பக் கேட்ட பதில் ஒன்றுதான்: “முதல் பாதி சூப்பர். ரெண்டாவது பாதி மண்டை காயுது.” அந்த வாக்கியம் டீக்கடைக்குப் போய், எஸ்எம்எஸ்ஸில் ஏறி, மாட்டுப் பொங்கலுக்குள் ஊர் ஊராகப் பரவிவிட்டது. இப்போது கேட்டில் மைக் நீட்டுகிறார்கள், இடைவேளையிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் சங்கமே, தியேட்டர் வளாகத்துக்குள் இப்படிக் கருத்துக் கேட்க விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்திருக்கிறது. பார்த்தவனுக்குச் சொல்ல உரிமை உண்டு, அதைத் தடுக்க முடியாது. ஆனால் சில படங்கள் நமக்குள் இறங்கி உட்கார ஒரு ராத்திரி வேண்டும்.

மாமாவுக்கு ஒரு டீ போதுமானதாக இருந்தது. கடையில் ஒருத்தர், “என்ன மாமா, வாத்தியார் பேரைக் கெடுத்துட்டானா?” என்று வம்புக்கு இழுத்தார். மாமா டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அதெல்லாம் இல்லப்பா. ராசாவுக்கே கஞ்சி இல்ல, கெடக்குறான் பாரு, இப்ப வருவான் அப்ப வருவான்னு. தண்ணி வரும் தண்ணி வரும்னு நாம கெடக்கலியா? அதாம்ப்பா இது.”

கடையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால்தான் எங்களுக்குக் குறுவை. 2002-லிருந்து வரிசையாகச் சில வருஷங்கள் அந்தத் தேதிக்கு அணை திறக்கவே இல்லை. மாமா நிலத்தைப் போட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்ப் பெட்டி தூக்கினார். அந்த வருஷங்களில் அவர் வாய்க்கால் மதகில் போய் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பத்திரிகைகளில் அந்த வாரம் வந்த எந்த விமர்சனத்திலும் நான் படிக்காத ஒன்றை, எட்டாவது தாண்டாத மாமா ஒரு டீயில் சொல்லிவிட்டார்.

நண்பன் வீடு வரும்வரை பேசவில்லை. ராத்திரி மாடியில் பாய் விரித்துப் படுத்தபிறகு, “கடைசியில அந்தப் பொம்பிளையள் கத்தினது எனக்குப் படம் மாதிரித் தெரியேல்ல” என்றான். பிறகு, “ஒரு பிள்ளையாவது தப்பிச்சிட்டுதே” என்றான். படத்தின் முடிவில் கார்த்தி இளவரசனைத் தூக்கிக்கொண்டு தப்புவார். அதைத்தான் சொன்னான்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது எங்கள் தமிழ் ஐயா வகுப்பில் கேட்டார், எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று. பாதி வகுப்பு கை தூக்கியது. புரிந்ததா என்றார். கைகள் இறங்கின. அன்றைக்குப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பரணி என்றால் என்ன, போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைத்து உண்பதை ஜெயங்கொண்டார் ஏன் பாடினார் என்று மணியடிக்கும்வரை பேசினார். ‘கோரம் கோரம் என்கிறீர்களே, இது சோழர் காலத்து இலக்கியத்திலேயே இருக்கிறது’ என்பது அவர் வாதம். வென்றவன் பக்கமிருந்து பாடியது பரணி, தோற்றவன் பக்கமிருந்து எடுத்திருக்கிறான் இந்தப் பையன் என்றார்.

அதே 2010 செப்டம்பரில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரமாவது ஆண்டு விழா எடுத்தார்கள். பத்மா சுப்ரமணியம் தலைமையில் ஆயிரம் பேர் பரதம் ஆடினார்கள். எங்கள் பக்கமெல்லாம் ஒரே சோழர் பேச்சு. ஜனவரியில் வந்த சோழர்களைப் பற்றி அந்த விழாக்கூட்டத்தில் யாரும் பேசிக் கேட்கவில்லை. 2022-ல் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம், நானும் ரசித்தேன். பட்டும் நகையும் குதிரையுமாக இருக்கிற சோழரை ஏற்றுக்கொள்வது எல்லாருக்கும் சுலபம்.

படத்தில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். கிராஃபிக்ஸ் பல இடத்தில் கண்ணை உறுத்துகிறது. தீவின் பழங்குடிகளைக் காட்டிய விதம் அவர்களுக்குச் செய்த அநியாயம். முதல் பாதியில் அத்தனை துடிப்போடு இருந்த ஆண்ட்ரியாவின் பாத்திரத்தைப் பின்பாதியில் ஓரமாக நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும், பசியும் தோல்வியும் ஒரு வம்சத்தை என்ன செய்யும் என்று தமிழ்த் திரையில் இவ்வளவு துணிச்சலாக எடுத்த மாயக் கதை வேறொன்று எனக்குத் தெரியாது.

2021 டிசம்பர் 31 அன்று படத்தை மறுபடி தியேட்டரில் போட்டார்கள். போனேன். சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள். முதலில் வந்தபோது ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பார்கள். எங்களுக்குப் புரியாமல் போன அந்தச் செந்தமிழ் வசனங்களைப் பார்த்திபனோடு சேர்ந்து மனப்பாடமாகச் சொன்னார்கள். பின்பாதியில் ஒருவரும் எழுந்து போகவில்லை. மாமா உடம்புக்கு முடியாமல் இருந்தார், வரவில்லை. அந்த வருஷப் பிறப்பன்றுதான் தனுஷை வைத்து இரண்டாம் பாகம், 2024-ல் வரும் என்று செல்வராகவன் அறிவித்திருந்தார். 2024 வந்து போயிற்று, படம் வரவில்லை. வரும்போது வரட்டும்.

கண்டக்டர் பையனைப் போல இதுவரை பார்க்காதவர்கள் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிவியில் விளம்பரத்துக்கு நடுவே வெட்டி வெட்டிப் போடுவதைப் பார்க்க வேண்டாம். துண்டு வீடியோக்களும் வேண்டாம். மூன்று மணி நேரம் ஓடுகிற முழுப் படத்தையும், முக்கியமாக அந்த இரண்டாம் பாதியை, இருட்டில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பாருங்கள். பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதை மறுநாள் சொல்லுங்கள்.